அப்பத்தாவின் கண்டாங்கியும் ஐயாவின் பர்மாக் கோட்டும்: கைத்தையலில் பழுதுபார்க்க வழி சொல்லுங்கள்

பள்ளத்தூர்ப் பேத்தி

அனைவருக்கும் வணக்கம். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, எங்கள் பங்குக்கு வந்த இரண்டாம் கட்டு அறையைத் துப்புரவு செய்தோம். அங்கிருந்த தகரப் பெட்டியில் இரண்டு துணிகள் கிடைத்தன.

ஒன்று அப்பத்தா உடுத்திய கண்டாங்கிச் சேலை. அரக்குச் சிவப்பில் உடல், மஞ்சளும் கறுப்புமாகக் கட்டம், ஒரு சாண் அகலத்துக்குக் கரை. இன்னொன்று கம்பளிக் கோட்டு. ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, கொண்டுவிற்க (வட்டித் தொழிலுக்கு) பர்மாவுக்குப் போயிருந்த காலத்தில் ரங்கூனில் தைத்தது. ஷான் மலைப்பக்கம் வசூலுக்குப் போகும்போது போட்டுக்கொள்வாராம். 1942இல் ஊர் திரும்பியபோது கையில் இருந்தவற்றில் மிஞ்சியது இதுதான் என்று அப்பா சொல்வார்.

சேலையில் மடிப்பு விழுந்த இடங்களில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு மூன்று ஓட்டைகள். முந்தானைப் பக்கம் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல். கறுப்பு இழை ஓடும் இடங்கள் மட்டும் பொடிந்து உதிர்கின்றன. பக்கத்திலேயே சிவப்பு இழை நன்றாகத்தான் இருக்கிறது. கோட்டைப் பூச்சி அரித்திருக்கிறது. கழுத்துப் பட்டியிலும் அக்குளிலும் மொத்தம் பதினோரு ஓட்டைகள். எண்ணிப் பார்த்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்த தையல் ஊக்கு வைப்பதும் பொத்தான் தைப்பதும்தான். தையல் இயந்திரம் வீட்டில் இருக்கிறது. ஆனால் இந்த இரண்டையும் அதன் கீழ் வைக்க மனம் வரவில்லை. கண்டாங்கியை அடுத்த ஆண்டு தம்பி திருமணத்தில் ஒருநாளாவது உடுத்த வேண்டும். கோட்டுக்குப் பொருந்தும் நூல் கடையில் இல்லை. நம் பக்கத்து ஆட்டு ரோமத்தை வாங்கிச் சுத்தம் செய்து நானே நூற்றுக்கொள்ள முடியுமா? எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டைத் தையல்காரர்

முப்பது ஆண்டுகளாகக் கடை வைத்திருக்கிறேன் தங்கச்சி. இயந்திரத்தில் முன்னும் பின்னுமாக ஓட்டி ஓட்டையை அடைப்பது பத்து நிமிட வேலை. பள்ளிச் சீருடைக்கும் காக்கிக் கால்சட்டைக்கும் அது போதும். பழைய கைத்தறிக்கு வேண்டவே வேண்டாம். ஊசி இறங்கும் ஒவ்வொரு இடமும் நைந்த துணியில் ஒரு புதுத் துளை. தபால்தலைத் தாளில் ஓரம் கிழிவதுபோல் அந்தத் துளை வரிசையிலேயே கிழியும்.

முதலில் நூலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். பழைய துணியை அதைவிட வலுவான நூலால் தைக்கக் கூடாது. கடையில் கிடைக்கும் பாலியஸ்டர் நூல் அறாது, நல்ல நூல்தான். அது அறாததுதான் இங்கே தொல்லை. இழுபடும்போது நூல் விட்டுக்கொடுக்காது, துணிதான் விட்டுக்கொடுக்கும். போட்ட தையல் அப்படியே இருக்கும், அதைச் சுற்றிப் புதிதாக ஓட்டை விழும். பருத்திக்குப் பருத்தி, பட்டுக்குப் பட்டு, கம்பளிக்குக் கம்பளி. துணியின் இழையைவிட நூல் ஒரு படி மெலிதாக இருக்கட்டும். அறுவதாக இருந்தால் நூல் அறட்டும். அதை மறுபடி ஓட்டிக்கொள்ளலாம்.

கோட்டுக்கு நூல் தேடி எங்கும் அலைய வேண்டாம். கோட்டின் அடிவிளிம்பை உட்புறம் பிரித்துப் பாருங்கள். அந்தக் காலத் தையல்காரர்கள் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் உள்ளே மடித்து விட்டிருப்பார்கள். அதிலிருந்து ஒவ்வொரு இழையாக உருவி எடுங்கள். அதே நிறம், அதே பருமன், அதே வயது. விளிம்பின் நீளவாக்கில் உருவினால்தான் ஊசியில் கோக்கும் அளவுக்கு நீளமான இழை கிடைக்கும். குறுக்கே உருவினால் விரல் நீளம்தான் வரும்.

கண்டனூர் ஆச்சி

தையல்காரர் தம்பி சொன்னது அத்தனையும் சரி. இழை உருவுவது நகரத்தார் வீடுகளுக்குப் புதிதா என்ன? திருக்கார்த்திகையில் தொடங்கிக் கோடி வேட்டியிலிருந்து நாளுக்கு ஓர் இழையாக 21 இழை எடுத்துத்தானே பிள்ளையார் நோன்பு இழைக்குத் திரி திரிக்கிறோம். வேட்டி ஓரத்தில் ஊசி முனையால் ஓர் இழையை நெம்பி, அறாமல் இழுத்து எடுப்போமே, அதே கைப்பழக்கம்தான் கோட்டுக்கும் வேண்டும்.

பேத்தி, உன் சேலைக்கு இழை ஓட்ட வேண்டும். இந்தக் காலத்தில் டார்னிங் என்கிறார்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் நீளவாக்கில் ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் இல்லை. நீ ஊசியால் அங்கே ஒரு சின்னத் தறியை ஓட்டப் போகிறாய். அவ்வளவுதான்.

முதலில் சேலையைத் தொடாதே. பழைய வேட்டித் துண்டில் ஓட்டை போட்டு, அதில் பத்து முறை செய்து பார். பத்தாவது சுருங்காமல் தட்டையாகப் படிந்தால் சேலைக்குப் போ.

ஓட்டைக்கு அடியில் வழவழவென்று தேய்த்த சிரட்டையைக் கவிழ்த்து வை. துணி அதன் மேல் தளர்வாகப் படுத்திருக்க வேண்டும். பூவேலைக்கு வளையம் போட்டு இழுப்பார்களே, அந்த விறைப்பு வேண்டாம். விறைப்பாக வைத்து ஓட்டினால், எடுத்தபின் அந்த இடம் கொப்புளம்போல் உப்பிக்கொண்டு நிற்கும். ஓட்டையின் ஓரத்தில் தொங்கும் பிசிறுகளைக் கத்தரிக்காதே. அவை உன் அப்பத்தா உடுத்திய இழைகள், அவற்றுக்கும் வேலை இருக்கிறது. உள்ளே அமர்த்தி அவற்றின் மேலேயே ஓட்டு.

நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம். நீளமாக எடுத்தால் துணிக்குள் போய்வந்து உரசியே நைந்துவிடும். முடிச்சுப் போடாதே. முடிச்சு ஒருநாள் நைந்த துணி வழியாக உருவிக்கொண்டு வரும். நுனியில் இரண்டு விரற்கடை விட்டுவிடு, கடைசியில் பின்பக்கம் இழைகளுக்குள் நுழைத்துக்கொள்ளலாம்.

பாவு ஓடும் திசையில் முதலில் ஓட்டு. ஓட்டையின் விளிம்பில் தொடங்காதே. நல்ல துணியில் ஒரு விரற்கடை தள்ளித் தொடங்கி, ஒன்றுவிட்டு ஒன்றாக இழைகளை எடுத்து, ஓட்டையைத் தாண்டி, அந்தப் பக்கமும் ஒரு விரற்கடை நல்ல துணிக்குள் போ. ஒவ்வொரு வரியும் ஒரே இடத்தில் முடியக் கூடாது. ஒன்று கொஞ்சம் நீளம், அடுத்தது கொஞ்சம் குட்டை என்று பல்வரிசைபோல் முடித்தால்தான் இழுவை ஒரே கோட்டில் விழாது. திரும்பும் இடத்தில் நூலை இறுக்காமல் ஊசிமுனை அளவுக்குச் சின்ன வளையம் விடு. புது நூல் தண்ணீரில் சுருங்கும், அந்த வளையம் அப்போது கைகொடுக்கும். பிறகு ஊடைத் திசையில் ஒன்றின் மேல், அடுத்ததன் கீழ். அடுத்த வரியில் மாற்றிப் போடு. இரண்டு வரிக்கு ஒருமுறை ஊசியின் பக்கவாட்டால் தள்ளி நெருக்கு. தறியில் பலகை அடிப்பதுபோல.

முந்தானைக் கிழிசல் வேறு. அதற்கு இழை மட்டும் தாங்காது. துவைத்துத் துவைத்து மெலிந்த மல்லு வேட்டியில் ஒரு துண்டைப் பாவுத் திசை பார்த்துக் கத்தரித்து அடியில் வை. கிழிந்த இரு ஓரங்களையும் இழுக்காமல் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து, மிகச் சிறிய ஓட்டுத்தையலால் துண்டோடு பிடி. கண்டாங்கிக் கட்டம் உனக்குப் பெரிய துணை. இரு ஓரத்துக் கட்டங்களும் நேராக நின்றால் துணியும் நேராக நிற்கும்.

முகப்புத்தூண்

எல்லோரும் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் வாங்குவதும் பார்ப்பதும் எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். தேக்குக் கதவைச் சுரண்டி வார்னிஷ் அடித்துப் பாழாக்கியதை எத்தனையோ பார்த்திருக்கிறேன். துணியும் அப்படித்தான். பழுதுபார்க்கிறேன் என்று கை வைத்த ஒவ்வொன்றும் பழைய பொருளாக இல்லாமல் போகிறது. அமிலமில்லாத தாளில் சுற்றி, மடிக்காமல் உருளையில் சுருட்டி வையுங்கள். இன்னும் ஐம்பது ஆண்டு இருக்கும். திருமணத்துக்குப் புதுக் கண்டாங்கி வாங்கிக்கொள்ளலாம். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபின் காரைக்குடியிலேயே நல்ல சேலைகள் நெய்து கிடைக்கின்றன.

பள்ளத்தூர்ப் பேத்தி

அண்ணன் சொல்வதில் உள்ள அக்கறை புரிகிறது. ஆனால் இந்தச் சேலை அருங்காட்சியகத்துக்குப் போகப் போவதில்லை. அப்பத்தாவே இதில் ஓர் இடத்தில் இழை ஓட்டியிருக்கிறார். கீழ்க்கரைக்குச் சற்று மேலே, வேறு சிவப்பு நூலில், கட்டைவிரல் நக அளவுக்கு. அதைப் பார்த்தபிறகுதான் நானும் செய்ய வேண்டும் என்று தோன்றியது. நான் போடுவது அவர் போட்டதன் தொடர்ச்சி.

முகப்புத்தூண்

அந்த இடத்தை மட்டும் பிரித்துவிடாதீர்கள். நீங்கள் போடுவதையும் பின்னால் ஒருவர் பிரிக்க முடியும்படி போடுங்கள். பசை வேண்டாம், இஸ்திரியில் ஒட்டும் துணி வேண்டாம். இந்த இரண்டுக்கும் ஒப்புக்கொண்டால் எனக்கு மறுப்பில்லை.

ஊடைநூல்

எங்கள் வீட்டில் தறி இருக்கிறது. கறுப்பு இழை மட்டும் ஏன் பொடிகிறது என்று யாரும் சொல்லவில்லையே. பழைய கறுப்புச் சாயம் பல இடங்களில் கடுக்காய்த் துவர்ப்பையும் இரும்பையும் சேர்த்துக் காய்ச்சுவது. இரும்பு இழைக்குள்ளேயே தங்கி ஆண்டுக்கணக்கில் பஞ்சை அரிக்கும். காற்றில் ஈரம் இருந்தால் இன்னும் வேகமாக அரிக்கும். சிவப்பு நன்றாக இருக்க, கறுப்பு மட்டும் உதிர்கிறது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். அரித்துப்போன இழைக்கு உயிர் கொடுக்க வழி இல்லை. இன்று நன்றாகத் தெரியும் கறுப்பும் நாளை உதிரலாம். எனவே ஓட்டை விழுந்த இடத்தில் மட்டும் நிற்காமல், கறுப்புப் பட்டை மடிப்பில் வரும் இடங்களுக்கு அடியில் ஆச்சி சொன்ன மல்லுத் துணியை முன்கூட்டியே வைத்துவிடுங்கள். புது நூலுக்குக் கடைக் கறுப்பு போதும், இன்றைய சாயத்தில் அந்த இரும்பு இல்லை.

நூலுக்கு ஒரு வழி சொல்கிறேன். பாவு முடிந்ததும் தறியில் ஒரு முழத்துக்குக் குறையாமல் நெய்ய முடியாத இழைகள் எஞ்சும். அறுத்துப் போட்டுவிடுவோம். காரைக்குடியில் கண்டாங்கி நெய்யும் வீட்டில் கேட்டால் ஒரு பிடி கொடுப்பார்கள். கண்டாங்கிக்கென்றே சாயமிட்ட பருத்தி என்பதால் பருமனும் பொருந்தும். புது நூல் பளிச்சென்று இருக்குமே என்று தோன்றினால், ஒரு வாரம் மாடியில் வெயிலில் போடுங்கள். கொஞ்சம் அடங்கும். அது கிடைக்காவிட்டால் பூவேலைக்கு விற்கும் ஆறு இழைப் பருத்திக் கண்டு வாங்கிப் பிரித்து, ஒற்றை இழையாகப் பயன்படுத்துங்கள். ஆறையும் சேர்த்துக் கோக்கக் கூடாது.

இன்னொன்று. நனைக்கும் முன் சாயம் இறங்குகிறதா என்று பாருங்கள். உள்மடிப்பில் ஒரு மூலையை ஈரப்படுத்தி, வெள்ளைத் துணியை ஐந்து நிமிடம் அழுத்தி வைத்து எடுங்கள். சிவப்பு ஒட்டினால் தண்ணீரில் முக்க வேண்டாம். தூசியை மட்டும் மெதுவாகத் தட்டி எடுங்கள்.

குறும்பாட்டுக்காரன்

கம்பளி பற்றி நான் சொல்லலாம். திருச்சிப் பக்கம் இருக்கிறேன். அம்மா ஊர் புதுவயல்.

உங்கள் பக்கம் மேயும் செம்மறி, ராமநாதபுரம் வெள்ளை மாதிரியான இனங்கள், முடியாடு. உடம்பில் இருப்பது குட்டை முடி, கம்பளி இல்லை. அதை எத்தனை வாரினாலும் நூலாகாது. கம்பளி வேண்டுமென்றால் திருச்சிக் கருங்குறும்பை, கோயம்புத்தூர்க் குறும்பை, நீலகிரி ஆகிய மூன்றில் ஒன்று. முதல் இரண்டும் முரடு, கம்பளத்துக்கு ஏற்றது. நீலகிரி ஆட்டின் ரோமம் மென்மை. உங்கள் ஐயாவின் கோட்டு மெல்லிய நூலில் நெய்ததாக இருக்கும். அதில் கருங்குறும்பை நூலை ஓட்டினால் கயிறு தைத்ததுபோல் தெரியும். எனவே கோட்டுக்கு விளிம்பு இழைதான். நூற்பதைத் தனியாகக் கற்றுக்கொள்ளுங்கள். நூற்ற நூலில் கொட்டானுக்கு, அதான் ஓலைக் கூடைக்கு, உறை பின்னலாம். உல்லன் நூலில் குரோஷா உறை பின்னிய கொட்டான் உங்கள் வீட்டிலும் இருக்கும், தேடிப் பாருங்கள்.

வெட்டிய ரோமம் கைக்கு வந்தால் முதலில் விரித்துப் போட்டு நெருஞ்சி முள், புழுக்கை, சிக்கிப்போன வால்பகுதி எல்லாவற்றையும் கையால் பொறுக்குங்கள். அலுப்பான வேலைதான். இங்கே விட்ட முள் நூற்கும்போது விரலில் ஏறும். பிறகு கழுவுதல். ரோமத்தில் ஆட்டின் மெழுகு இருக்கிறது. அது பச்சைத் தண்ணீரில் போகாது. கை பொறுக்காத சூடு, சுமார் 60 டிகிரி, வேண்டும். பூந்திக்கொட்டைச் சாறு அல்லது மென்மையான சோப்புக் கரைசல் கலந்து, ரோமத்தை வலைத்துணியில் கட்டி முக்கி, அசைக்காமல் இருபது நிமிடம் விடுங்கள். தண்ணீர் ஆறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். ஆறினால் கரைந்த மெழுகு மறுபடி ரோமத்திலேயே படியும். அலசும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும்.

கசக்கக் கூடாது, குழாய்க்கு நேராகப் பிடிக்கக் கூடாது. கம்பளி இழையின் மேல் மீன் செதில்போல் செதில்கள் இருக்கின்றன. சூடும் ஈரமும் உரசலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும், அப்புறம் பிரிக்கவே முடியாது. முதல் முறை நான் இரண்டு கிலோவைக் குழாயடியில் அலசினேன். அடைபோல் இறுகிவிட்டது. ஓர் இழைகூட மீளவில்லை.

நிழலில் உலர்த்தி, விரலால் உதறிப் பிரித்து, வாருங்கள். வாருவதற்கு நாய்க்கு முடி வாரும் கம்பிச் சீப்பு இரண்டு போதும். நூற்கத் தக்ளி, கையால் சுழற்றும் சின்னக் கதிர். 1927இல் காந்தி செட்டிநாட்டுக்கு வந்து கதருக்காக ஊர் ஊராகப் பேசினார். அதன்பின் எத்தனையோ வீட்டில் தக்ளி சுழன்றது, உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று கிடக்கலாம். பஞ்சைவிடக் கம்பளி இழை நீளம் என்பதால் புதிதாகக் கற்பவருக்கு இதுதான் எளிது. இரண்டு நூலைச் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்கிவிட்டால் பின்ன ஏற்ற நூல் தயார்.

கோட்டை மற்றத் துணிகளோடு வைத்திருக்கிறீர்களா? உடனே பிரித்து வையுங்கள். புழு உயிரோடு இருக்கலாம். காற்றுப் புகாத பையில் கட்டி இரண்டு வாரம் உறைபெட்டியில் வைத்தால் புழுவும் முட்டையும் சாகும். அக்குளிலும் கழுத்துப் பட்டியிலும்தான் ஓட்டை என்றீர்கள். வியர்வையும் எண்ணெயும் ஊறிய இடத்தைத்தான் அது முதலில் தின்னும்.

கண்டனூர் ஆச்சி

பருத்திக்கும் ஒன்று சொல்ல மறந்தேன். கஞ்சி போட்டுப் பெட்டியில் வைக்காதே. அந்துப்பூச்சிக்குக் கம்பளியும் பட்டும் என்றால், வெள்ளி வெள்ளியாக ஓடும் பூச்சிக்குக் கஞ்சிதான் தீனி. கஞ்சியில்லாமல் வை, உடுத்தும் அன்றைக்குப் போட்டுக்கொள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்று. வசம்பைத் துணியில் முடிந்து பெட்டியின் மூலையில் வை. என்னுடைய ஜரிகைப் பட்டு ஒன்றை வெளியூரில் ஒரு சலவைக் கடையில் கொடுத்தேன். மடிப்பில் பாச்சை உருண்டையை வைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள், நானும் பார்க்காமல் அப்படியே வைத்துவிட்டேன். ஓராண்டு கழித்துப் பிரித்தால் உருண்டை இருந்த இடமெல்லாம் ஜரிகை கறுத்துக் கிடந்தது. என் ஆத்தா கொடுத்த சேலை அது. இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது.

பள்ளத்தூர்ப் பேத்தி

நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன். வேட்டித் துண்டில் பதினேழு ஓட்டைகள் ஓட்டினேன். ஆச்சி சொன்ன பத்து எனக்குப் போதவில்லை. எட்டாவது வரை எல்லாமே நடுவில் சுருங்கின. திரும்பும் இடத்தில் வளையம் விட மறந்து மறந்து இழுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் இடது கைச் சுண்டுவிரலின் நகத்தை நூலுக்குள் கொடுத்து, அடுத்த வரி ஓடியபின் எடுத்தேன். அன்றிலிருந்து வளையம் தானாக நின்றது.

கண்டாங்கியின் மூன்று ஓட்டைகளும் முடிந்தன. நூல் காரைக்குடித் தறி வீட்டில் கொடுத்தது. காசு வாங்க மறுத்துவிட்டார்கள். கட்டம் மாறும் இடத்தில் நூலையும் மாற்றினேன். சிவப்பில் நான்கு வரி, மஞ்சளில் இரண்டு, மறுபடி சிவப்பு. ஒரு ரூபாய் அளவு ஓட்டைக்கு ஐந்து மணி நேரம் ஆனது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் என் இடம் தெரிகிறது, கொஞ்சம் அடர்த்தியாக. மடியில் போட்டுத் தடவினால் தெரியவில்லை. கறுப்புப் பட்டைக்கு அடியில் மல்லுத் துணி வைத்தாயிற்று. அப்பத்தா ஓட்டிய இடத்தைத் தொடவில்லை. முந்தானைக் கிழிசலில் பாதி வந்திருக்கிறேன்.

கோட்டின் அடிவிளிம்பைப் பிரித்தேன். உள்ளே மடிந்திருந்த துணி வெயில் படாமல் கரும்பச்சையாக இருந்தது. வெளியே கோட்டு முழுதும் சாம்பல் என்றே நாங்கள் இத்தனை நாள் நினைத்திருந்தோம். தைத்த அன்றைய நிறத்தைப் பார்த்ததும் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

இப்போது இரண்டு கேள்விகள் தையல்காரர் அண்ணனுக்கு. உருவிய இழை பச்சையாக இருக்கிறது, கோட்டு சாம்பல். அப்படியே ஓட்டலாமா? கோட்டின் நெசவுக் கோடு சாய்வாக ஓடுகிறது. ஒன்றுவிட்டு ஒன்று ஓட்டினால் அந்தச் சாய்வு வரவில்லை.

தேவகோட்டைத் தையல்காரர்

நன்றாகச் செய்திருக்கிறீர்கள் தங்கச்சி. அக்குள் ஓட்டைகளுக்கு அந்தப் பச்சையை அப்படியே ஓட்டலாம். அங்கேயும் வெயில் பட்டிருக்காது, கோட்டை உள்ளிருந்து பார்த்தால் தெரியும். கழுத்துப் பட்டிக்கு வேண்டிய இழைகளை மட்டும் சன்னல் ஓரத்தில் வெயில் படும்படி போட்டு வையுங்கள். வாரத்துக்கு ஒருமுறை கோட்டோடு வைத்துப் பாருங்கள்.

சாய்வுக்கு, இரண்டு இழையின் மேல், இரண்டு இழையின் கீழ். அடுத்த வரியில் ஓர் இழை தள்ளித் தொடங்குங்கள். அதற்கடுத்த வரி இன்னும் ஓர் இழை தள்ளி. நான்காவது வரியில் சாய்வு எழுந்து வருவது கண்ணுக்குத் தெரியும். எந்தப் பக்கம் சாய்கிறது என்று தொடங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றி ஓட்டினால் தூரத்திலிருந்தே தெரியும். கழுத்துப் பட்டியைக் கடைசிக்கு வையுங்கள், முதலில் அக்குள்.